பாரம் இறங்காத கால்

பெரியப்பா வீடியோ கேம் ஆடியதே கிடையாது. ஒரே ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 2007-ம் வருஷம், மழைக்காலம். திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் எங்கள் வீட்டு முன்னறையில், பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பிளேஸ்டேஷன் 2-வை டிவியில் மாட்டி, 'ஃபைட் நைட் ரவுண்ட் 3' ஓட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய வருஷம் வந்த பாக்ஸிங் விளையாட்டு. திரையில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும்.

அலி என்றால் பெரியப்பாவுக்குக் கதை கேட்டுத் தெரிந்த ஆள் இல்லை. 1980-ல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துக்கு அலி வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, கூட்டத்தில் நின்று பார்த்தவர். எம்.ஜி.ஆரும் வந்திருந்த நிகழ்ச்சி அது. பெரியப்பா ராயபுரத்தில் பாக்ஸிங் கற்றுக்கொண்டவர். பகலில் ஹார்பரில் மூட்டை தூக்குவார், சாயந்திரம் கிளவுஸ் மாட்டுவார். எண்பதுகளின் நடுவில் பலகையிலிருந்து வழுக்கி விழுந்ததில் இடது முட்டி போய்விட்டது. அதிலிருந்து அந்தக் கால் முழுசாக மடங்காது. நடக்கும்போது உடம்பு லேசாக வலப்பக்கம் சாய்ந்து, இடதுகால் அரை நொடி தாமதமாக வந்து சேரும்.

ஒரு ரவுண்டு முழுக்கப் பேசாமல் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மூஞ்சி அலி மாரியேதான் கீது. ஆட்டமும் அலி ஆட்டந்தான். ஆனா இவன் கால்ல பாரம் இல்லடா."

"பாரம்னா இன்னா பெரிப்பா?"

"குத்து கையிலருந்தா வருது? தரையிலருந்து வருது. குதிகால் திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் போயி, அப்பறந்தான் கை. இவன் காலப் பாரு, வழுக்கினு போது. எண்ணெய்ல நிக்கறவன் எவன அடிப்பான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். கணினி மனிதர்களின் கால் தரையில் வழுக்குவதைச் சரிசெய்வதுதான் என் வேலை. அவர் ஒரு ரவுண்டில் கண்டுபிடித்ததை நான் இரண்டு வருஷமாக ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ கேமில் மனித உருவம் எப்படி வந்தது என்ற வரலாற்றை எழுத உட்காரும்போதெல்லாம், பெரியப்பாவின் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் எனக்கு ஆரம்பிக்க முடிகிறது.

*

அசைவைப் பிடித்துவைக்கும் ஆசை கணினிக்கு முந்தையது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-ல் ஓடும் குதிரையைக் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள் எல்லோருக்கும் தெரியும். 1887-ல் அவர் வெளியிட்ட பெரிய தொகுப்பில் நடப்பவர்கள், படி ஏறுபவர்கள், சுமை தூக்குபவர்கள் இருக்கிறார்கள். குத்துச்சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். அடுத்து மாக்ஸ் ஃபிளைஷர். 1915 வாக்கில் 'ரோட்டோஸ்கோப்' என்ற கருவியை உருவாக்கினார். நடிகரைப் படமெடுத்து, அந்தப் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கண்ணாடியில் வீழ்த்தி, மேலே தாளை வைத்து வரைவது. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி நாம் படம் வரைந்தோமே, அதே சங்கதிதான்.

இந்த உத்தியை வீடியோ கேமுக்குள் மறக்கமுடியாதபடி கொண்டுவந்தவர் ஜோர்டன் மெக்னர். 1984-ல் வந்த 'கராத்தேகா'வுக்கே அவர் தன்னைச் சுற்றியிருந்தவர்களைப் படமெடுத்து வரைந்திருந்தார். அடுத்த விளையாட்டுக்காக 1985-ல் தம்பி டேவிட்டை ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேண்டில் வீடியோ எடுத்தார். டிவி திரையில் ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி, அதை மறுபடி ஸ்டில் கேமராவில் எடுத்து, பிரிண்ட் போட்டு, உருவத்தின் விளிம்பை மார்க்கர் பேனாவால் இழுத்து, கணினிக்குள் ஏற்றினார். கத்திச் சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சி உதவியது. 1989-ல் வந்த அந்த விளையாட்டுதான் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'.

காலடிப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், 1995 வாக்கில், டாஸ் கற்றுக்கொள்ளப் போன இடத்தில்தான் அதை முதலில் பார்த்தேன். அதுவரை டிவி கேமில் மரியோவும் கான்ட்ராவும் ஆடியவன். மரியோ பட்டனை அழுத்தியதும் பறப்பான். இந்த இளவரசன் அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் ரெண்டு அடி சறுக்கித்தான் நிற்பான். குதித்து விளிம்பைப் பிடித்தால் உடம்பு ஊசலாடும். ஏறும்போது முதலில் முழங்கை, அப்புறம் முட்டி. முகம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது, நாலைந்து புள்ளிகள்தான். ஆனாலும் அவன் ஆள். அவனுக்கு எடை இருந்தது. ஒரு தம்பியின் எடை அது. முகமே இல்லாத அந்தப் பொம்மையை நம்பினேன். பன்னிரண்டு வருஷம் கழித்து, வியர்வைகூட வடியும் முகத்தோடு வந்த அலியைப் பெரியப்பா நம்பவில்லை.

*

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உலகம் ஹார்பர் வழியாகத்தான் வரும். பீச் ஸ்டேஷன் எதிரே, ராஜாஜி சாலை ஓரத்தில் நீளும் பர்மா பஜார், 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடைத்தெரு. அகதிகளாக வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகளில்தான் வடசென்னை முதல் கால்குலேட்டரை, முதல் வாக்மேனை, முதல் வீடியோ கேமைப் பார்த்தது. விலைப்பட்டியலும் இருக்காது, பில்லும் இருக்காது. "உள்ள இன்னா கேம் கீதுண்ணா?" என்று கேட்டால், "எல்லாமே கீது, ஊட்ல போயி போட்டுப் பாரு" என்பார்கள்.

அங்கே வந்த கேசட்டுகளையும் சிடிக்களையும் வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு வரலாறு. 1992-ல் 'மார்ட்டல் காம்பாட்'. நிஜ நடிகர்களைப் படமெடுத்து அப்படியே திரையில் ஒட்டியது. ரத்தம் நிஜ மனிதர்கள் மேல் தெறிப்பதுபோலத் தெரிந்ததால் அமெரிக்க செனட் வரை பஞ்சாயத்து போனது, 1994-ல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரச்சான்று முறையே வந்தது. 1993-ல் செகாவின் 'விர்ச்சுவா ஃபைட்டர்'. யூ சுசூகியின் குழு செய்தது. தட்டைப் படத்தை விட்டுவிட்டு, பலகோணத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த முப்பரிமாண மனிதர்கள். அட்டைப்பெட்டியை ஒட்டிச் செய்த பொம்மைபோல இருப்பார்கள், ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். 1996-ல் 'டூம் ரெய்டர்'. 2002-ல் 'ஜிடிஏ வைஸ் சிட்டி'. அதை ஆடாத பிரவுசிங் சென்டர் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஒன்றுகூட இருந்திருக்காது. மெயில் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் காசு வாங்கிப் போனவர்களெல்லாம் மயாமி மாதிரி ஓர் ஊரில் வண்டி திருடிக்கொண்டிருந்தார்கள்.

முப்பரிமாணம் வந்ததும் பிரச்சினை மாறிவிட்டது. தட்டைப் பொம்மைக்கு ஒரு அசைவை ஓவியர் வரைந்தால் போதும். முப்பரிமாணப் பொம்மைக்கு உள்ளே எலும்புக்கூடு வேண்டும், ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு நொடியும் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்ற கணக்கு வேண்டும். அதைக் கையால் செய்வது மலை. எனவே மனிதர்களிடமிருந்தே அள்ளத் தொடங்கினார்கள். நடிகருக்கு இறுக்கமான உடை, மூட்டுகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகள், சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள். கேமராவுக்கு ஆள் தெரிவதில்லை. இருட்டில் மிதக்கும் புள்ளிகள்தான் தெரியும். அதுதான் மோஷன் கேப்சர். எங்கள் வாயில் 'மோகேப்'.

*

இந்த மோகேப் வரலாற்றில் மெட்ராஸுக்கு ஓர் இடம் உண்டு. இங்கேயே பலருக்குத் தெரியாது. முழுக்க முழுக்க மோஷன் கேப்சரிலேயே மனிதப் பாத்திரங்களை அசைத்து எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கணினிப் படம் என்று சொல்லப்படுவது, 2000-ல் வந்த 'சிந்துபாத்: பியாண்ட் த வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்'. நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்தது 1997-ல், லாஸ் ஏஞ்சல்ஸின் ராலே ஸ்டூடியோவில். அதைப் படமாக்கியது நம்ம சென்னையின் பென்டாஃபோர், பின்னால் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம். சிந்துபாத்துக்குக் குரல் பிரெண்டன் ஃபிரேசர். இளவரசிக்கு ஜெனிஃபர் ஹேல், பிற்காலத்தில் 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் பெண் ஷெப்பர்டாகக் கோடிக்கணக்கானவர்கள் கேட்ட அதே குரல். அதே 2000-ல் பென்டாமீடியா எடுத்த 'பாண்டவாஸ்' படத்துக்குச் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

சிந்துபாத் தியேட்டரில் ஓடவில்லை. பொம்மைகளின் கண் எங்கோ பார்க்கும், உதடு வேறெங்கோ போகும். ஆனால் 'போலார் எக்ஸ்பிரஸ்' வருவதற்கு நான்கு வருஷம் முன்பே இங்கே ஒரு கூட்டம் அந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறது. பென்டாஃபோரின் பங்கு விலை ஏறிய வேகத்தில் நகரம் முழுக்க அனிமேஷன் பள்ளிகள் முளைத்தன. பங்கு விழுந்தது, பள்ளிகள் நின்றன. 2001-ல் தி.நகரில் அப்படி ஒன்றில் நானும் சேர்ந்தேன். திருவொற்றியூரிலிருந்து பீச், பீச்சிலிருந்து மாம்பலம். அம்மா வளையலை வைத்துக் கட்டிய ஃபீஸ். "கார்ட்டூன் போடப் படிக்கிறான்" என்று தெருவில் சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிப்போகும்.

2005-ல் வேலை கிடைத்தது. வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஓர் அலுவலகம். இந்தியாவில் அப்போது இந்தத் தொழில் அப்படித்தான் வளர்ந்துகொண்டிருந்தது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ்தான் முன்னோடி. விளையாட்டின் பெயர் நமக்குச் சொல்லமாட்டார்கள். ஒரு கோப்பு வரும், அதில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டை உருவம். அது நடக்கும், உட்காரும், சாகும். நாங்கள் காலைத் துடைப்போம்.

ஏன் கால் வழுக்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். நடித்த ஆள் ஆறடி, விளையாட்டுப் பாத்திரம் ஐந்தரை அடி. ஒருவர் எலும்பின் அசைவை இன்னொருவர் எலும்பில் மாட்டும்போது, மூட்டின் கோணம் சரியாக இருக்கும், பாதம் தரையில் படும் இடம் தவறும். போதாக்குறைக்கு, சினிமாவில் ஓர் அசைவு ஆரம்பித்தால் முடியும்வரை ஓடும். விளையாட்டில் ஆடுகிறவன் எந்த நொடியும் பட்டனை மாற்றுவான். நடையிலிருந்து ஓட்டத்துக்கு, ஓட்டத்திலிருந்து குத்துக்கு. வேறுவேறு நாளில் பதிவான இரண்டு அசைவுகளைக் கணினி அந்த நொடியில் கலக்கும். நடைக்கான வலதுகாலும் ஓட்டத்துக்கான இடதுகாலும் பாதியில் சந்தித்தால், இரண்டு காலும் தரையில் மிதக்கும். பாதம் எந்த ஃப்ரேமில் தரையைத் தொடுகிறது, எந்த ஃப்ரேமில் விடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஆணி அடிப்பதுபோல நிறுத்தவேண்டும். நொடிக்கு முப்பது ஃப்ரேம். ஒரு நாளைக்கு இத்தனை நொடி முடிக்கவேண்டும் என்று டார்கெட். சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒரு ருசி உண்டு. செத்த பொம்மை, பாதம் நின்ற மறுகணம் ஆளாகிவிடும்.

*

தொழிலின் காசும் பேச்சும் முகத்தின் மேல்தான். 2001-ல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம், தன் புகழ்பெற்ற விளையாட்டின் பெயரில் 'ஃபைனல் ஃபேன்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தை எடுத்தது. நாயகி ஆகி ராஸின் தலையில் 60,000 முடி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். படம் படுதோல்வி. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு என்னவோ ஓர் உறுத்தல். இதை 1970-லேயே சொல்லிவைத்தவர் ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி. பொம்மை மனிதனை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும், ஆனால் ரொம்ப நெருங்கிவிட்ட ஓரிடத்தில் சட்டென்று அருவருப்பு வரும், ஒரு பள்ளத்தாக்கில் விழுவதுபோல. அவர் கட்டுரையில் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு பகுதி, அசைவு சேரும்போது அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிறது என்பது. அசையாத மெழுகுப் பொம்மை பயமுறுத்துவதைவிட, தப்பாக அசையும் மெழுகுப் பொம்மை அதிகம் பயமுறுத்தும். பெரியப்பா மோரியைப் படித்தவர் இல்லை.

அதன்பிறகு முகத்தைப் பிடிக்கப் போட்டி. 2011-ல் வந்த 'எல்.ஏ. நோயர்' நடிகரை நாற்காலியில் உட்காரவைத்து 32 கேமராக்களால் முகத்தை மட்டும் பதிந்தது. பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கவேண்டிய துப்பறியும் விளையாட்டு. முகம் அசத்தல். ஆனால் கழுத்துக்குக் கீழே உடம்பு தனியாகப் பதிவானது. உயிருள்ள தலையை ஷோரூம் பொம்மைமேல் செருகியதுபோல இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் 2014 மே 23-ல் வந்தது. 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம், லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் மோகேப். 2009-ல் இறந்துபோன நாகேஷைக்கூடக் கணினியில் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். கூடவே செல்போன் விளையாட்டும் வந்தது. துணிச்சலான முயற்சி, நான் கேலி செய்ய மாட்டேன். ஹாலிவுட் செலவழிக்கும் காசில் சின்னப் பங்கை வைத்துக்கொண்டு அதைச் செய்வது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் இங்கே இருந்தது. ரஜினி நடையைத் தமிழன் இருட்டில் நிழலை வைத்தே சொல்லுவான். முப்பது நாற்பது வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய உடம்பு. தலையைத் திருப்பும் வேகம், கை முடியைக் கோதும் கணம், எல்லாம் மனப்பாடம். அந்தக் கண்களை ஏமாற்ற எந்தக் கேமராவும் போதாது. எங்கள் பக்கத்துத் தியேட்டரில் முதல் நாள் விசில் பறந்தது. இடைவேளையில் எனக்குப் பின்னால் ஒரு பையன் சொன்னான்: "தலைவர் மாரி ஒரு ஆள் நல்லா பண்ணிகிறான்."

இதே கதை 2020-ல் வேறு உருவில் வந்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த சேண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாட்டை யூபிசாஃப்டின் மும்பை, புனே கிளைகள் புதுப்பித்துச் செய்வதாக அந்த செப்டம்பரில் முன்னோட்டம் வந்தது. காலடிப்பேட்டையில் நான் பார்த்த இளவரசனின் வாரிசு, இந்தியக் கைகளில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் உலகமே அந்த முகங்களைப் பார்த்துச் சிரித்தது. தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, 2022-ல் வேலை மான்ட்ரியலுக்கே திரும்பிப்போனது. 2018-ல் உலகம் வாய்பிளந்து பார்த்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-வில் பெங்களூர்க் கிளையின் உழைப்பும் உண்டு என்பதை அந்த வாரம் யாரும் நினைவுகூரவில்லை. நன்றாக வந்தால் அது அவர்கள் விளையாட்டு, நன்றாக வராவிட்டால் இந்தியாவில் செய்தது.

முகத்தில் இன்னொன்று இருக்கிறது. தோல். வெளிச்சம் தோலின் மேல்பட்டுத் திரும்பிவிடுவதில்லை, உள்ளே புகுந்து, சிதறி, வெளியே வருகிறது. காதுமடலுக்குப் பின்னால் விளக்கு வைத்தால் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். இதைக் கணக்கிடும் எளிய முறையை 2001-ல் ஹென்ரிக் வான் யென்சனும் மூன்று சகாக்களும் வெளியிட்டார்கள். மெழுகாக இருந்த முகங்கள் சதையானது அதற்குப் பிறகு. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம் 2020-ல் சயின்டிஃபிக் அமெரிக்கனில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். 'மனிதத் தோல்' என்று இந்தத் துறை சொன்னபோதெல்லாம், ஒளி ஊடுருவிச் சிவக்கும் வெள்ளைத் தோலையே மனதில் வைத்திருந்தது என்று. வேலையில் அதை நான் தினமும் பார்த்தேன். வருகிற மாதிரி உருவம் எப்போதும் வெளுப்பு. கறுப்பு வேண்டுமென்றால் அதன்மேல் நிறத்தை இறக்குவோம். உடனே ஆள் செத்துப்போவான், சிமென்ட் பூசியதுபோல. காசிமேட்டில் வெயிலில் வலை இழுக்கிறவர் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிறத்தில் உயிர், உள்ளே ஊடுருவும் ஒளியில் இருப்பதைவிட, மேலே வழியும் பளபளப்பில் அதிகம் இருக்கிறது. நீலமும் வெள்ளையுமாக வானமே அதில் தெரியும். அதைச் செய்ய எங்களிடம் கருவி இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*

பெரியப்பா மூட்டை தூக்கிய ஹார்பருக்கு 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. அதற்கென்றே கட்டிய முனையம், நாட்டில் முதலாவது என்று பெருமையாகச் சொன்னார்கள். நாலு நாள் நூறு பேர் இறக்கியதைக் கிரேன் சில மணியில் இறக்கியது. ஒரே நாளில் யாரையும் வெளியே தள்ளவில்லை. முறை வருகிற நாள் குறைந்தது, அப்புறம் இன்னும் குறைந்தது. "பொட்டி வந்துச்சு, நாங்க போயிட்டோம்" என்பார் பெரியப்பா. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும்போது, அந்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எத்தனை தோள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றும்.

எங்கள் தொழிலிலும் பெட்டி வந்தது. 2008-ல் 'ஜிடிஏ 4'. சரக்குக் கப்பலில் வந்திறங்கும் நிக்கோ பெல்லிக் என்ற அகதிபோன்ற ஒருவனின் கதை. அதில் நேச்சுரல்மோஷன் நிறுவனத்தின் 'யூஃபோரியா' என்ற மென்பொருள் இருந்தது. நிக்கோவை வண்டி இடித்தால், பதிவுசெய்த விழுகை எதுவும் ஓடாது. எலும்பு, தசை, எடை எல்லாம் அந்த நொடியில் கணக்கிடப்பட்டு, கையை ஊன்றப் பார்த்து, தடுமாறி விழுவான். ஒவ்வொரு தடவையும் வேறுமாதிரி. முதல் தடவை பார்த்தபோது, பெரியப்பா சொன்ன பாரம் இதுதான் என்று நினைத்தேன். 2016-ல் யூபிசாஃப்டின் சைமன் கிளாவே 'மோஷன் மேட்சிங்' முறையை விளக்கினார். அசைவுகளை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலையை விட்டுவிட்டு, மணிக்கணக்கான மோகேப் பதிவை அப்படியே கொடுத்துவிடு, இந்த நொடிக்குப் பொருத்தமானதைக் கணினியே தேடி எடுத்துக்கொள்ளும். 2017-ல் 'ஃபார் ஹானர்', 2020-ல் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் 2' எல்லாம் அந்த வழி. 2021-ல் எபிக் நிறுவனத்தின் 'மெட்டாஹியூமன்' வந்தது. மாதக்கணக்கில் செய்த முகத்தை, களிமண்போல இழுத்து இழுத்து ஒரு மணி நேரத்தில் செய்யலாம். காலைத் துடைக்கவும் எந்திரம் கற்றுக்கொண்டது. எதிலிருந்து? எங்களைப்போன்றவர்கள் துடைத்துக்கொடுத்த ஆயிரக்கணக்கான மணி நேரத்திலிருந்து. எங்கள் அலுவலகத்திலும் ஒரே நாளில் யாரையும் தள்ளவில்லை. முறை குறைந்தது.

முகம் யாருடையது என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. நான் பிளேஸ்டேஷனில் அலியை ஆட்டிய விளையாட்டு வந்த அதே 2006-ல், அலி தன் பெயர், உருவ உரிமைகளில் 80 சதவீதத்தை ஐந்து கோடி டாலருக்கு விற்றார். பார்க்கின்சன் நோயால் நிஜ அலியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, விளையாட்டில் இருந்த அலிக்கு நடுக்கமே இல்லை. அந்தக் கால்கள் வேறு யாரோ ஒருவருடையவை. அவர் பெயர் நமக்குத் தெரியாது. 2024 ஜூலையில் அமெரிக்காவில் வீடியோ கேம் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருஷம் நீண்டது. ஒருமுறை பதிவான எங்கள் குரலையும் உடம்பையும் வைத்துச் செயற்கை நுண்ணறிவு இனி எங்களையே செய்துகொள்ளக்கூடாது, செய்தால் சம்மதம் கேள், கூலி கொடு என்பதுதான் சண்டை. குரல் கொடுத்தவர்களோடு சேர்ந்து, மோகேப் உடையில் விழுந்து புரண்டவர்களும் தங்களையும் நடிகர்கள் என்று ஏற்கவேண்டும் என்றார்கள். ஹார்பர் தொழிலாளிகளின் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தக் கோரிக்கையில் புரியாதது எதுவும் இல்லை.

*

2022-ல் ஒரு நாள் பெரியப்பாவை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். இப்போது உருண்டை ஒட்டிய உடை வேண்டாம், சாதா வீடியோவிலிருந்தே எலும்புக்கூட்டை எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. முன்னாள் அலுவலகத்தில் ஒரு குத்துச்சண்டை வேலை வந்தபோது, ராயபுரத்திலிருந்து நிஜ பாக்ஸர் ஒருவரைக் கூப்பிடலாமே என்று கேட்டுப்பார்த்திருக்கிறேன். ரெடிமேடாக விலைக்குக் கிடைக்கும் அசைவையே வாங்கினார்கள். அந்தக் குறை மனதில் இருந்தது.

இரண்டு போனை இரண்டு பக்கம் நிறுத்தினேன். பெரியப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காத்தில் நாலு குத்து விட்டார். மூச்சு வாங்கியது. உட்கார்ந்து எழுந்து, இன்னும் நாலு. அப்புறம் தண்ணித் தொட்டிவரை நடந்து திரும்பினார். அவ்வளவுதான்.

ராத்திரி கணினியில் ஏற்றினேன். சில நிமிஷத்தில் சாம்பல் உருவம் எழுந்து நின்றது. குத்தியது, நடந்தது. எதுவோ சரியில்லை. இரண்டு தடவை பார்த்தபின்தான் புரிந்தது, அவன் நொண்டவில்லை. இரண்டு காலும் ஒரே சீராக, அழகாக நடந்தான். இடதுகால் தாமதமாக வருவதைப் பதிவின் பிழை என்று நினைத்து மென்பொருள் திருத்திவிட்டது. அது கற்றுக்கொண்ட நடைகளில் பலகையிலிருந்து விழுந்தவன் யாரும் இருந்திருக்கமாட்டான். திருத்தலை அணைத்தேன். நொண்டல் வந்தது, கூடவே பாதம் மறுபடி வழுக்கத் தொடங்கியது. சரி என்று பழைய வேலைக்கே உட்கார்ந்தேன். எந்த ஃப்ரேமில் குதிகால் படுகிறது, எந்த ஃப்ரேமில் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது, அந்த அரை நொடி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது. டார்கெட் கிடையாது. நாலு ராத்திரி ஆனது. நாற்பது வருஷமாக எதிரில் நடந்துகொண்டிருந்த மனிதர், இடதுகாலை ஊன்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வலது தோளைச் சின்னதாக இறக்குகிறார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். மூட்டை சுமந்த தோள் அது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். சாம்பல் உருவம் நாலு குத்து விட்டு, தொட்டிவரை நடந்து திரும்பியது. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"இது இன்னா, என்ன அம்மணமா நிக்க வெச்சிகிற? ஒரு லுங்கியாச்சும் கட்டி வுடுடா."

"கட்றேன் பெரிப்பா. கால் எப்டி கீது?"

பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, தன் இடது முட்டியைக் கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

லுங்கி இன்னும் கட்டவில்லை. துணியை அசைக்கும் வேலை எனக்குச் சரியாக வராது. கற்றுக்கொண்டிருக்கிறேன்.